தொட்டால் நிற்கும் டேபிள் சோ: மலையகப் பட்டறைக்கு வாங்குமுன்

டேபிள் சோ, அதாவது மேசை நடுவே பிளேட் சுற்றும் மரம் அறுக்கும் மெஷின், வாங்கப் போகும்போது கடைக்காரர் "இதுல பிரேக் இருக்கு" என்றால், எந்த பிரேக் என்று முதலில் கேளுங்கள். பிரேக் என்ற பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று மோட்டார் பிரேக். சுவிட்சை அணைத்ததும் பிளேட் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருக்காமல் சில விநாடிகளில் நின்றுவிடும். நல்ல வசதிதான், ஆனால் விரல் பட்டது அதற்குத் தெரியாது. மற்றது, தோல் பட்டதை பிளேட்டே உணர்ந்து அந்தக் கணத்தில் நின்றுவிடும் ஏற்பாடு. நம் பக்கத்தில் வழக்கமாக வாங்கும் மகிட்டா, பொஷ், டிவால்ட் 10 அங்குல மெஷின்களில் இந்த இரண்டாவது ஏற்பாடு இல்லை. பெட்டியில் "சேஃப்டி பிரேக்" என்று எழுதியிருப்பதை வைத்து விலையைக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் 254 மி.மீ. பிளேட்டின் விளிம்பு விநாடிக்கு சுமார் 53 மீற்றர் வேகத்தில் போகிறது. 40 பல் பிளேட் என்றால் ஒரே விநாடியில் 2600க்கு மேற்பட்ட பற்கள் ஒரு புள்ளியைக் கடக்கும். வலி தெரிந்து கையை இழுக்க மனிதனுக்கு விநாடியில் ஐந்திலொரு பங்காவது வேண்டும். அதற்குள் ஐந்நூறு பல் கடந்திருக்கும். தொட்டால் நிற்கும் மெஷின் 5 மில்லிசெக்கனுக்குள் பிளேட்டை நிறுத்துகிறது. அந்த இடைவெளியில் ஏழெட்டுப் பல்தான் கடக்கும். விரல் போவதற்கும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது சோஸ்டொப் என்ற அமெரிக்கக் கொம்பனி. ஸ்டீவ் காஸ் என்பவர் 1999ல் இந்த முறையைக் கண்டுபிடித்தார். 2004ல் பெரிய மெஷின்கள் விற்பனைக்கு வந்தன, தூக்கிச் செல்லக்கூடியது 2015ல் வந்தது. வேலை செய்யும் விதம் எளிது. பிளேட்டை மேசையிலிருந்தும் மற்ற இரும்புப் பாகங்களிலிருந்தும் மின்தொடர்பு இல்லாமல் பிரித்து வைத்து, அதில் மிகச் சிறிய மின் சமிக்ஞை ஒன்றை ஓடவிடுகிறார்கள். காய்ந்த மரம் பட்டால் சமிக்ஞை அப்படியே இருக்கும். மனித உடம்பு பட்டால் அதில் ஒரு பகுதியை உடம்பு உறிஞ்சிக்கொள்ள, அளவு சட்டென்று விழும். பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்ட்ரிட்ஜில், அதாவது பிரேக் அடங்கிய கழற்றி மாற்றும் பெட்டியில், ஒரு மெல்லிய கம்பி இறுக்கமான ஸ்பிரிங் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சமிக்ஞை விழுந்ததும் அந்தக் கம்பியை மின்சாரம் உருக்கிவிடும். ஸ்பிரிங் ஓர் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் தள்ளும், பிளேட் அதில் புதைந்து நிற்கும். சுற்றிய வேகமே பிளேட்டை மேசைக்குக் கீழேயும் இழுத்துப் போட்டுவிடும். சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி இருக்கும் என்பதால் பட்டறையில் உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கட்டையில் புதைந்த கார்பைட் பற்கள் உடைந்தோ அசைந்தோ இருக்கும், பிளேட்டின் தட்டும் நெளிந்திருக்கலாம். பல் வைத்துத் தீட்டித் திரும்பப் போடலாம் என்பவர்கள் உண்டு. 53 மீற்றர் வேகத்தில் ஓடும் தட்டில் அப்படிச் சேமிக்க ஒன்றுமில்லை, தூக்கிப் போடுங்கள். கார்ட்ரிட்ஜும் ஒரு தடவைக்குத்தான்.

பொஷ் வேறு வழியில் போனது. அதன் ரியாக்ஸ் மெஷினில் வாயு வெடியால் பிளேட் கீழே தள்ளப்படும். பிளேட் கெடாது, ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டு முறை பயன்படுத்தலாம். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காப்புரிமை வழக்கில் 2017ல் அமெரிக்க சர்வதேச வணிக ஆணைக்குழு அதன் இறக்குமதியைத் தடுத்தது, அத்தோடு அங்கே விற்பனை நின்றது. இணையத்தில் பழைய ரியாக்ஸ் ஒன்று மலிவாக வந்தால் ஆசைப்பட வேண்டாம். கார்ட்ரிட்ஜ் தேடி அலைய நேரும்.

ஆகவே தூக்கிச் செல்லக்கூடிய அளவில் பார்க்கத்தக்கவை மூன்று. சோஸ்டொப் கொம்பக்ட், சோஸ்டொப் ஜொப்சைட் புரோ, ஃபெஸ்டூல் டி.கே.எஸ். 80. ஃபெஸ்டூலின் தாய் நிறுவனம் 2017ல் சோஸ்டொப்பை வாங்கிவிட்டதால் மூன்றிலும் உள்ளே இருப்பது ஒரே நுட்பம்தான். கொம்பக்ட் சுமார் 31 கிலோ, ஜொப்சைட் புரோ சக்கரத் தாங்கியோடு 50 கிலோவைத் தாண்டும். இரண்டும் நிமிர்ந்த பிளேட்டில் 79 மி.மீ. வரை, 45 பாகையில் 54 மி.மீ. வரை வெட்டும். ஃபெஸ்டூல் 2200 வாட், 230 வோல்ட், 80 மி.மீ. வெட்டு.

வீடு வீடாகப் போய் பென்ட்ரி கபட், கதவு நிலை செய்பவருக்கு இந்த எடை வித்தியாசம் பெரிது. மடக்குத் தாங்கியின் சக்கரம் கொழும்பில் சமதரைக்கு உதவும். லயத்துக்கு ஏறும் கருங்கல் படிக்கட்டில் 50 கிலோவை இரண்டு பேர் தூக்கித்தான் ஆக வேண்டும். கொம்பக்ட் ஒரு த்ரீவீலின் பின் சீட்டில் போய்விடும். பட்டறையிலேயே வைத்து நீளப் பலகை கிழிப்பவருக்கு அதன் சின்ன மேசை சலிப்பைத் தரும், அவர் ஜொப்சைட்டைப் பார்க்கலாம். எதுவானாலும் நான்கு கால்களும் மட்டமாக நிற்க வேண்டும். சரிவு முற்றத்தில் ஒரு காலுக்குக் கல் வைத்தால், நீளப் பலகை தள்ளும்போது மெஷின் ஆடி, பலகை ஃபென்ஸை (பலகையை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பை) விட்டு விலகும்.

இனி இந்தப் பக்கத்தில் உண்மையான சிக்கலுக்கு வருவோம்: ஈரம்.

மெஷின் ஈரமான மரத்தையும் விரலையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. மரத்தின் ஈரம் கூடக்கூட அதன் மின்தடை பல மடங்கு சரிகிறது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி வேலை செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். நுவரெலியா, தலவாக்கலை போன்ற குளிரும் மூடுபனியும் உள்ள இடங்களில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் அளவில் நின்றால், கூரைக்குக் கீழே எவ்வளவு காலம் அடுக்கி வைத்தாலும் பலகை 17, 18 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. இதைக் கேட்டு பயப்பட வேண்டாம். 18 சதவீதப் பலகை பொதுவாக பிரேக்கை அடிக்காது, அதாவது தேவையில்லாமல் அதை இயக்கிவிடாது. அடிப்பது இரண்டு விதம். அறுத்துப் பத்து நாள்கூட ஆகாத பச்சை மரம் ஒன்று. மற்றது உள்ளே காய்ந்து மேலே மழை பட்ட பலகை. இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றும். லொறியில் வரும்போது நனைந்த பலகையின் மேற்பரப்பில் நிற்கும் நீர்ப்படலம், பிளேட்டையும் அலுமினிய மேசையையும் இணைக்கும் கம்பி மாதிரி ஆகிவிடும். உள்ளே குத்திய ஈரமானி 16 காட்டும், ஆனாலும் பிரேக் அடிக்கும்.

அதனால் வந்த மரத்தைத் துடைத்து, ஓர் இரவாவது காற்றுப்பட நிறுத்தி வைத்த பிறகே மேசையில் ஏற்றுங்கள். அடுக்கும்போது தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், பலகைக்குப் பலகை ஓர் அங்குலச் சட்டம், சட்டத்துக்குச் சட்டம் இரண்டடி இடைவெளி. ஓர் அங்குலப் பலகைக்கு ஓர் ஆண்டு என்ற பழைய கணக்கை மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்தில் நம்ப முடியாது. தென்மேல் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, மரம் காய்வதை விடத் திரும்ப ஈரம் குடிப்பதே அதிகம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு அந்த மாதங்கள்தான் மரம் காயும் காலம். அங்கே வடகீழ்ப் பருவ மாதங்களில் கவனம் வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் காட்டும் மரத்தை இந்த மெஷினில் கிழிக்கவே வேண்டாம். மரக்காலையிலேயே கிழித்து வாங்கிவிடுங்கள், அல்லது கை சர்க்குலர் சோவில் முதல் வெட்டை முடித்துக்கொள்ளுங்கள். செம்பு மருந்து ஏற்றிய மரம் காயாமல் வந்தால் இன்னும் மோசம், உப்புக் கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இப்போதுதான் ஒட்டிய பலகையின் காயாத பசையும் அப்படியே.

சந்தேகம் இருந்தால் பரிசோதிக்க வழி உண்டு. பைபாஸ் என்ற நிலையில் உணரும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு மெஷினை ஓட்டலாம். அந்த நிலையில் ஒரு துண்டை வெட்டி, சுவிட்சை அணைத்து, பிளேட் தானாகச் சுற்றி ஓயும்போது சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது மினுக்கினால், சாதாரண நிலையில் இந்த மரம் பிரேக்கை அடித்திருக்கும் என்று பொருள். அப்போது உங்கள் விரலுக்கு எந்தக் காவலும் இல்லை என்பதை மனதில் வைத்து, பிளேட் கவசத்தைப் போட்டு, தள்ளுகோலால் மட்டும் தள்ளுங்கள். பைபாஸ் ஒரு ஓட்டத்துக்குத்தான் நிற்கும், அடுத்த தடவை மறுபடி போட வேண்டும். இது தொல்லையாகத் தெரியலாம், ஆனால் அப்படி வைத்ததே சரி. ஈர மரம் மட்டுமே வரும் பட்டறையில் நாள் முழுக்க பைபாஸிலேயே ஓட்ட நேர்ந்தால், அந்த மெஷினுக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண்.

மரத்தைத் தவிர, அலுமினியச் சட்டம், அலுமினியம் ஒட்டிய பலகை, வெள்ளிப் படலம் ஒட்டிய கூரைத் தகடு, கண்ணாடியின் பின்பூச்சு எல்லாம் பிரேக்கை அடிக்கும். தீயில் கருகிய ஓரம் உள்ள மரத்தையும் செதுக்கிவிட்டே வெட்டுங்கள், கரி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பழைய தோட்டத் துரை பங்களா இடிப்பில் வரும் தேக்கில் ஆணி இருக்கும். காய்ந்த மரத்துக்குள் தனித்து நிற்கும் சின்ன ஆணி பெரும்பாலும் பிரேக்கை அடிக்காது. அதே ஆணி மேசையையோ உங்கள் கையையோ தொட்டுக்கொண்டிருந்தால் அடிக்கும். எப்படியும் ஆணி பிளேட்டைக் கெடுக்கும், காந்தம் ஓட்டிப் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் விட அதிகமாகக் கார்ட்ரிட்ஜைத் தின்பது மரமே அல்ல. கோணம் மாற்றிய பிறகு மைட்டர் கேஜோ (குறுக்கு வெட்டுக்குக் கோணம் பிடிக்கும் தள்ளி) அலுமினிய ஃபென்ஸோ பிளேட்டில் உரசுவதுதான். கோணத்தை மாற்றினால் பிளக்கைக் கழற்றி, பிளேட்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மைட்டர் கேஜைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

இந்த பிரேக் செய்யாத ஒன்று உண்டு. பலகை பின்னால் பாய்வதை, அதாவது கிக்பேக்கை, அது தடுக்காது. மலையகத்தில் மலிவாகக் கிடைக்கும் கிராண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் மரத்தில் இது முக்கியம். வேகமாக வளரும் யூக்கலிப்டஸ் வகைகளின் தண்டுக்குள்ளே இழுவை பூட்டிக் கிடக்கும். நீளவாக்கில் கிழிக்கும்போது அது அவிழ்ந்து பலகை வளையும், வெட்டுவாய் (பிளேட் வெட்டிய பிளவு) மூடி பிளேட்டின் பின்பக்கத்தைக் கவ்வும். கவ்விய பற்கள் பலகையைத் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும். அதைத் தடுப்பது பிளேட்டுக்குப் பின்னால், பிளேட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ரிவிங் கத்தி. அது பிளேட்டின் தட்டை விடத் தடிப்பாகவும் வெட்டுவாயை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பிளேட் மாற்றும்போது இந்தக் கணக்கு தவறினால், ஒன்று மரம் கத்தியில் முட்டி நிற்கும், அல்லது கத்தி இருந்தும் பயனில்லை. கிக்பேக்கில் கை பிளேட்டை நோக்கி இழுபடும் வேகமும் கூடுதல். விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் போகும் கை 5 மில்லிசெக்கனில் ஒன்றரை மி.மீ. நகரும், ஒரு மீற்றர் வேகத்தில் போனால் 5 மி.மீ. பிரேக் அதே நேரத்தில்தான் அடிக்கும், காயத்தின் ஆழம் மட்டும் மாறும். ஆகவே ரிவிங் கத்தியைக் கழற்றிப் போட்டுவிட்டு பிரேக்கை நம்புவது கூடாது.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியற்காலை வேலைக்குக் கையுறையும் தொங்கும் ஸ்வெட்டர் கையுமாக வருவது இங்கே வழக்கம். பிளேட் உணர்வது தோலை. றப்பர் கையுறையோ தடித்த தோல் கையுறையோ இருந்தால், பல் அதைக் கிழித்து உள்ளே வந்த பிறகே உணரும். கம்பளி நூல் பல்லில் மாட்டினால் கையையே இழுத்துச் செல்லும். கைகளைச் சூடேற்றிக்கொண்டு வெறுங்கையோடு நில்லுங்கள், ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். சோஸ்டொப்பின் அமெரிக்க மாதிரி 120 வோல்ட், 15 அம்பியர். அதை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் மோட்டாரும் கார்ட்ரிட்ஜின் மின்னணுப் பாகங்களும் புகைந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி அனுப்புவதாக இருந்தால், ஆஸ்திரேலியாவில் விற்கும் 230 வோல்ட் மாதிரியைக் கேளுங்கள். அமெரிக்க மெஷின்தான் கிடைத்தது என்றால் குறைந்தது 3000 வி.ஏ. (வோல்ட்-அம்பியர்) தொடர்ந்து தாங்கும் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். மெஷின் 1800 வாட்தானே என்று 2000 வி.ஏ. அளவில் வாங்கினால் ஸ்டார்ட் ஆகும் இழுப்பில் அது திணறும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் என்பதால் 50 ஹேர்ட்ஸில் ஓடுவதில் பிரச்சினை இல்லை. ட்ரான்ஸ்ஃபோமரை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, நீள வயரை 230 வோல்ட் பக்கத்தில் விடுங்கள். அதே வேலைக்கு அந்தப் பக்கத்தில் அம்பியர் பாதிதான், இழப்பும் குறைவு. எர்த் கம்பி பிளக்கிலிருந்து மெஷின் வரை அறுபடாமல் போக வேண்டும், சில மலிவு ட்ரான்ஸ்ஃபோமர்களில் வெளியே வரும் சொக்கெட்டில் எர்த் தொடர்பே இருக்காது. மல்ட்டிமீற்றர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

230 வோல்ட் மெஷினிலும் வயரைக் கவனிக்க வேண்டும். 2200 வாட் மெஷின் ஓடும்போது 9.6 அம்பியர் இழுக்கும். 30 மீற்றர் நீள 0.75 சதுர மி.மீ. வயரில் அதற்கே 14 வோல்ட் வீணாகும், ஸ்டார்ட் இழுப்பில் பல மடங்கு. 1.5 சதுர மி.மீ. போட்டால் 7 வோல்ட், 2.5 போட்டால் இன்னும் நிம்மதி. ரீலில் சுற்றியபடியே விட்டால் வயர் சூடேறும், முழுவதும் அவிழ்த்து விடுங்கள். பழைய லயத்து 5 அம்பியர் பிளக்கில் இந்த மெஷினை மாட்டவே வேண்டாம். 13 அம்பியர் சதுரப்பின் பிளக், அதற்குத் தனி வயர், முன்னால் வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், இவ்வளவும் வேண்டும்.

பிளேட் வாங்குவதிலும் கட்டுப்பாடு உண்டு. சோஸ்டொப்பின் அச்சு எட்டில் ஐந்து (5/8) அங்குலம், அதாவது 15.9 மி.மீ. இங்கே சந்தையில் இருக்கும் 10 அங்குல பிளேட்கள் பலவும் 25.4 அல்லது 30 மி.மீ. துளை கொண்டவை. இடைவளையம் போட்டுச் சமாளிப்பதை விட, மெஷினோடு சேர்த்தே சரியான துளையுள்ள பிளேட் நான்கைந்து வரவழைப்பது நல்லது. வெட்டுவாய் 2.4 முதல் 4.8 மி.மீ.க்குள் இருக்கட்டும். பல்லுக்கு முன்னால் மேடு வைத்த பிளேட்கள் சில உண்டு, அந்த மேடு அலுமினியக் கட்டையில் பற்கள் புதைவதைத் தாமதப்படுத்தும், அதனால் வேண்டாம். கார்ட்ரிட்ஜ் கட்டைக்கும் பல் நுனிக்கும் இடைவெளி 1.6 முதல் 3.2 மி.மீ. வரை. 10 அங்குலம் என்று எழுதியிருக்கும் பிளேட் 250ஆகவும் இருக்கும், 255ஆகவும் இருக்கும். தீட்டத் தீட்ட விட்டமும் குறையும். ஒவ்வொரு பிளேட் மாற்றத்திலும் இடைவெளியைச் சரிபாருங்கள். பைனஸ் பிசினும் ஈரத் தூளும் சேர்ந்து அந்த இடைவெளியில் அப்பி இறுகும், அப்போது விளக்கு பிழை காட்டி மெஷின் ஓட மறுக்கும். வாரம் ஒரு தடவை கீழ் மூடியைத் திறந்து பிரஷ் போடுங்கள்.

கார்ட்ரிட்ஜ் ஒன்று அமெரிக்காவில் சுமார் 100 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 30 ஆயிரம், அனுப்பும் செலவும் வரியும் பிளேட் விலையும் தனி. ஒரு தவறான அடிக்கு இவ்வளவு என்றால் கை கூசும்தான். அதற்காகக் கையிருப்பில்லாமல் வாங்கக்கூடாது. கார்ட்ரிட்ஜ் இல்லாமல் மெஷின் ஓடாது, பைபாஸிலும் ஓடாது. கதவு நிலை முடிக்க வேண்டிய நாளில் அடித்து, மாற்று இல்லாமல் பார்சலுக்காக மூன்று வாரம் காத்திருந்தால், பட்டறையில் யாராவது பழைய திறந்த சோவை இழுத்து வந்துவிடுவார். மெஷினோடு சேர்த்து மூன்று கார்ட்ரிட்ஜ் வாங்க முடியாதென்றால், அதே பணத்தில் ரிவிங் கத்தியும் கவசமும் ஒழுங்காகப் பொருந்திய 230 வோல்ட் சாதாரண மெஷின் ஒன்றும், நல்ல பிளேட்களும், ஓர் ஈரமானியும் வாங்குவதே புத்திசாலித்தனம். வாங்க முடிந்தால், அதிலும் பழகுநர்கள் நிற்கும் பட்டறையில், தயங்காமல் தொட்டால் நிற்பதையே எடுங்கள்.

பிரேக் அடித்துவிட்டால் செய்ய வேண்டியது: பிளக்கைக் கழற்றி, முதலில் கையைப் பாருங்கள். பிறகு மேசைத் துளைத் தகட்டையும் கவசத்தையும் எடுத்து, உயரச் சக்கரத்தைக் கடைசி வரை கீழே இறக்கி மறுபடி ஏற்றுங்கள். விழுந்த பகுதி அப்போதுதான் பழைய இடத்தில் மாட்டும். இரண்டு ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, கார்ட்ரிட்ஜின் பூட்டுச் சாவியைத் திருப்பினால், பிளேட்டும் கார்ட்ரிட்ஜும் ஒன்றாகவே வரும். அச்சைத் துடைத்துப் புதிய கார்ட்ரிட்ஜை இரண்டு பின்களிலும் முழுதாக அமர்த்துங்கள். சரியாக அமராவிட்டால் சாவி திரும்பாது, பலவந்தப்படுத்த வேண்டாம். அடுத்து வரிசையாக: பிளேட், இடைவெளி, கையால் ஒரு சுற்று, ரிவிங் கத்தி, தகடு. மெயின் சுவிட்சைப் போட்டு, சுயபரிசோதனை முடிந்து பச்சை விளக்கு நிலையாக நிற்கும் வரை சில விநாடி பொறுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். உண்மையில் தோல் பட்டுத்தான் அடித்தது என்றால் பழைய கார்ட்ரிட்ஜை எறிய வேண்டாம். அதன் உள்ளே பதிந்திருக்கும் தரவைப் பார்த்து கொம்பனி புதியதொன்று இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இங்கிருந்து அனுப்பும் தபால் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.